அடியில் புள்ளி வைத்த எழுத்து

தில்ருபாவுக்கு அந்த வாரம் ஊரெல்லாம் நல்ல பெயர். புயல் கரையைக் கடந்த மறுநாளே, காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்று இணையத்தில் ஒரு தளம் அமைத்துவிட்டாள். பரிசால் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணினி கற்பிக்கிறவள் அவள். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக வேலை செய்வாள். யோசனை எளிமையானது. தென்கரை முழுக்க ஆஸ்பத்திரிகளிலும் புயல் பாதுகாப்புக் கூடங்களிலும் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தொண்டர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். கல்லூரிக் கணினிக் கூடத்தில் மாணவர்கள் உட்கார்ந்து அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்து ஏற்றுவார்கள். ஆளைத் தேடுகிறவர்கள் போனில் பெயரை அடித்தால் போதும், எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பெயர் இல்லையென்றால் தேடுகிறவரின் எண்ணைத் தளம் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு கிடைத்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமல்லவா?

நிறையப் பேர் கிடைத்தார்கள். பெற்ற பிள்ளை கிடைத்த தாய் ஒருத்தி கூடை நிறையப் பொரியும் வெல்லமும் கொண்டுவந்து மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். டாக்காவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து தில்ருபாவைப் பேட்டி கண்டார்கள். அவளுடைய அம்மா அதைத் தன் போனில் வைத்துக்கொண்டு தெருவில் ஒருவர் விடாமல் காட்டினாள்.

கிடைக்காதவர்களும் நிறைய. அவ்வளவு பெரிய புயலில் அது அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தில்ருபாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த நினைப்பைக் கலைக்க, ஒரு நாள் முற்பகலில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முட்டிவரை சேறு காய்ந்திருந்தது. புடவைத் தலைப்பு தலையைவிட்டு நழுவியதைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்று, இந்தத் தளத்தை நடத்துகிறவர் யார் என்று கேட்டாள். நான்தான், உட்காருங்கள் என்றாள் தில்ருபா. அவள் உட்காரவில்லை.

"'இந்தப் பேர்ல யாரும் இல்ல, இந்தப் பேர்ல யாரும் இல்ல'ன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கறது நீங்கதானா? மொகத்தப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் ஆபா."

ஆபா என்றால் அக்கா. அதை அவள் சொன்ன விதத்தில் கூடத்தில் விசைகளின் சத்தம் நின்றுபோனது. தில்ருபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்த தன்மய் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். தன்மய் அதே கல்லூரியில் வங்காள மொழி கற்பிக்கிறவன், தில்ருபாவோடு ஒன்றாகப் படித்தவன். தட்டச்சில் தன்னை அடிக்க ஆளில்லை என்று பெருமை பேசுகிறவன். மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து ஏற்றியதைவிட அவன் ஒருவன் ஏற்றிய பெயர்கள் அதிகம்.

வந்தவள் பெயர் சாயெரா. கடலோரத்தில் நயாச்சர் என்ற ஊர். அவள் சொன்னது இதுதான்: அவளுடைய கணவன் ஜொய்னால் மீன்பிடி டிராலரில் போனவன். படகில் ஐந்து பேர். படகை ஓட்டியவர் காயெஸ், படகோட்டி என்பதால் காயெஸ் மாஜி. கூடப் போனவர்கள் ராய்ஹான், ஹாத்தெம், லிட்டன். புயலில் படகு திரும்பவில்லை. இரண்டாம் நாள் லிட்டனின் அண்ணன் போனில் தேடிப் பார்த்தபோது, லிட்டன் பரிசால் ஆஸ்பத்திரியில் இருப்பதாக இந்தத் தளம்தான் சொன்னது. ஒரு மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தவனைக் கடற்படைக்காரர்கள் எடுத்து வந்திருந்தார்கள். படகு இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் பார்த்தேன், அதற்குப் பிறகு ஒரு தலையும் தெரியவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். மற்ற நாலு பேரின் வீட்டாரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடித் தேடிப் பார்த்தார்கள். யாரும் இல்லை. லிட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்த தளம் மற்றவர்களை இல்லை என்று சொன்னால், இல்லை என்றுதானே அர்த்தம்? ஊர் முடிவு செய்துவிட்டது. அன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் நாலு பேருக்கும் சேர்த்துக் காயிப் ஜனாஸா, உடல் கிடைக்காதவர்களுக்கான இறுதித் தொழுகை. சாயெராவின் மாமனாரே மகனுக்குத் தொழ வேண்டும் என்று இமாமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விடிந்ததும் விடியாததுமாக ஒரு மீன் படகில் ஏறி, பஸ் பிடித்து இங்கே வந்து நிற்கிறாள்.

"அழு, அழுதாத்தான் மனசு ஆறும்னு எல்லாரும் சொல்றாங்க. அழறதுக்கு முன்னால உங்களக் கேட்டுடலாம்னு வந்தேன். நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

இப்படிக் கேட்டு வந்தவர்களைத் தில்ருபா முன்பும் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் என்ன சொல்வது என்பதும் அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. வார்த்தைகளை மனசுக்குள் தயாராக எடுத்து வைத்துக்கொண்டுதான், திரையைச் சாயெராவின் பக்கம் திருப்பினாள். தன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் அவளுக்கும் ஒரு நிம்மதி. ஜொய்னால் என்று அடித்தாள்.

ஒரு வரி வந்தது. ஜொய்னால், ஊர் நயாச்சர், குல்னா நகரத்து ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி ஆண்கள் வார்டு.

தில்ருபா தயாராக வைத்திருந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போனது. சாயெரா குனிந்து, உதடு அசைய, அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"இது எப்போ வந்துச்சு?"

"நாலு நாளா இருக்கு போல" என்றாள் தில்ருபா, தேதியைப் பார்த்துவிட்டு.

"நாலு நாளா நானும்தான் அடிச்சிக்கிட்டிருக்கேன்."

சாயெரா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி கீறல் விழுந்த சிறிய போன். எல்லாரும் பார்க்க அதே தளத்தைத் திறந்து, அதே பெயரை, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்தாள். இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று வந்தது.

தில்ருபாவுக்குக் காது மடல் சுட்டது. ஒரே தளம், ஒரே பெயர். ஒரு கருவி ஆள் இருக்கிறான் என்கிறது, இன்னொரு கருவி இல்லை என்கிறது. ஆனால் அதை யோசிக்கிற நேரம் அதுவல்ல. முதலில் குல்னாவில் இருந்த தொண்டரைக் கூப்பிட்டாள். அவள் மருத்துவம் படிக்கிற பெண். ஓட்டமாக மாடியேறி வார்டுக்குள் போவது போனிலேயே கேட்டது. யாரிடமோ பெயர் கேட்டாள், இன்னொருவரிடம் ஊர் கேட்டாள். பிறகு ஒரு ஆண் குரல், உப்புத் தண்ணீரில் வெந்துபோன குரல், யார் பேசுவது என்று கேட்டது.

சாயெரா போனை வாங்கினாள். வாங்கியவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

"நம்ம வீட்டு வாத்துக்கு என்ன பேரு? சொல்லுங்க."



"வாத்துக்கு எதுக்கு பேரு?" என்றது அந்தக் குரல். "ஒனக்கென்ன பைத்தியமா?"

அதைக் கேட்டதும் சாயெரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுசன்தான், இந்த மனுசனேதான் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஜொய்னால் சொன்னதை அவள் துண்டு துண்டாக எல்லாருக்கும் திருப்பிச் சொன்னாள். படகு பிளந்ததும் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் கிடந்தார்கள். மோங்லா துறைமுகத்துக்குப் போன சரக்குக் கப்பல் ஒன்று அவர்களைத் தூக்கிக்கொண்டது. போன்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. நினைவிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தால் ஊரில் செல்போன் கோபுரமே சாய்ந்து கிடக்கிறது, எங்கே மணியடிக்கும்? காயெஸ் மாஜி பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறார், காலில் கட்டு. ராய்ஹான் கீழ்த் தளத்தில் இருக்கிறான். ஹாத்தெம் மட்டும் கப்பல் வருவதற்குச் சற்று முன்னால் கை நழுவிப் போய்விட்டார். அதைச் சொல்லும்போது சாயெராவின் குரல் இறங்கியது. ஹாத்தெமின் வீடு அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான்.

ஊருக்குச் சொல்ல வேண்டும். மாமனாரின் எண், மைத்துனனின் எண், இமாமின் எண் என்று தன்மய் மாற்றி மாற்றி அழைத்தான். எதுவும் போகவில்லை. பக்கத்து ஊர்க் கோபுரம் சாயவில்லை, ஆனால் நயாச்சரில் கடல் தடுப்புக் கரையின் மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு சிக்னலாவது விழும், இத்தனை நாளும் தேடியது அங்கே நின்றுதான், வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்றாள் சாயெரா. விடாமல் அழைத்துக்கொண்டே இரு என்று தன்மயிடம் சொல்லிவிட்டு, தில்ருபா தன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

சாயெராவின் போனில் அடித்த பெயரையும், தன் கணினியில் அடித்த பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு, வளைவு, புள்ளி எதிலும் மயிரிழை வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால் தேடி என்ன பயன் என்று, குறிகளையும் சேர்த்து எத்தனை வங்காள எழுத்து என்று எண்ணிச் சொல்லும்படி கணினிக்கே கட்டளை கொடுத்தாள். தன் கணினியில் அடித்த ஜொய்னாலுக்கு ஐந்து என்றது. சாயெராவின் போனிலிருந்து வந்த ஜொய்னாலுக்கு ஆறு என்றது.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது இடம் அகப்பட்டது. இரண்டாவது எழுத்து. வங்காளத்தில் 'ஜ' போல ஒலிக்கிற ஓர் எழுத்து உண்டு. அதன் அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அது 'ய' ஆகிவிடும். கணினிக்குள் எழுத்து என்பது ஓர் எண்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வரிசை ஒன்று இருக்கிறது. அந்த வரிசையில் புள்ளி வைத்த ய-வுக்கென்று தனியாக ஓர் எண் இருக்கிறது. புள்ளியில்லாத எழுத்துக்கு ஓர் எண், வெறும் புள்ளிக்கு ஓர் எண் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் அதே ய திரையில் வந்துவிடும். கல்லூரிக் கணினிகளின் விசைப்பலகை முதல் வழியில் எழுதியது. சாயெராவின் போன் இரண்டாவது வழியில் எழுதியது. பார்க்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்று. எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிற தளத்துக்கோ அவன் வேறு ஜொய்னால், இவன் வேறு ஜொய்னால்.

தில்ருபா தன் தளத்தைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறாள். சோதித்ததெல்லாம் இதே கணினியில். ஒவ்வொரு முறையும் சரியாகவே வந்தது.

அவள் சொன்னதைக் கேட்டுத் தன்மய்க்குக் கோபம் வந்துவிட்டது. காதில் போனை வைத்தபடியே, "ஒரே எழுத்து அது. அரிச்சுவடியில ஒரே கட்டத்துல இருக்கற எழுத்து. அதப் போயி எவன் ரெண்டாப் பிச்சது?" என்றான்.

"யாரும் பிக்கல. ரெண்டு வழியும் சரியான வழிதான். ரெண்டும் ஒண்ணுன்னு மெஷினுக்கு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"அப்ப இந்த எழுத்து பேர்ல இருந்தா..."

"கம்ப்யூட்டர்ல ஏத்தின ஆளப் போன்ல தேடினா வராது. ஒம் பேர்லயும் கடைசில அதுதான இருக்கு தன்மய். நீ காணாமப் போயிருந்தா ஒங்கம்மாவுக்கும் இதே பதில்தான் போயிருக்கும்."

தன்மய் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் ஓடியது. லிட்டன் ஏன் கிடைத்தான்? அவன் பெயரில் அந்த எழுத்து இல்லை. சாயெரா, ஜொய்னால், காயெஸ், ராய்ஹான். ஊரைச் சொல்லித் தேடலாமென்றால் நயாச்சரிலும் அதே எழுத்து. ஆயெஷா, ரோகெயா, மொய்னா, ஜோபாயெர் என்று இந்தக் கரை முழுக்க வீட்டுக்கு ஒரு பெயரில் அது இருக்கும். புள்ளி வைத்த ட-வும் இதே சாதிதான். அது ஊர்ப் பெயர்களில் பாதிக்கு வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லை இல்லை என்று தளம் சொன்னதைக் கேட்டு எத்தனை வீடுகளில் அழுது முடித்திருப்பார்கள் என்று தில்ருபா நினைத்துப் பார்த்தாள். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயெரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். இவர்கள் பேசியதில் பாதி அவளுக்கு விளங்கியிருந்தது. விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது.

"சரி பண்ண முடியுமா முடியாதா?"

"முடியும்."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க?"

தில்ருபா வேலையைத் தொடங்கினாள். தேடி வருகிற பெயரில் ய இரண்டு துண்டாக இருந்தால் அதை ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் பிறகு தேடு என்று எழுதினாள். சாயெராவின் போனில் ஜொய்னால் வந்தான், காயெஸ் வந்தார், ராய்ஹானும் வந்தான். மாணவர்கள் கைதட்டப் போனார்கள். அதற்குள் தன்மய் தன் போனில் எதையோ அடித்துப் பார்த்துவிட்டு, போலாவில் இருக்கிற மொய்னா என்ற சிறுமி காலையில் தேடலில் வந்தாள், இப்போது வரவில்லை என்றான். பார்த்தால், அவளைப் பதிந்த தொண்டர் போனிலேயே பதிந்திருந்தார். தேடுகிற பக்கம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, பதிந்து வைத்த பக்கம் இரண்டாகவே கிடந்தது. இதுவரை கிடைத்துக்கொண்டிருந்தவர்களை இப்போது அவளே தொலைத்துவிட்டாள்.

ஒரு பக்கத்தை மட்டும் திருத்தினால் ஆகாது. தேடுகிறவர் எந்த வழியில் எழுதினாலும், பதிகிறவர் எந்த வழியில் எழுதினாலும், ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். உலக வரிசையை வகுத்தவர்களே அதற்கும் ஒரு விதி வகுத்து வைத்திருந்தார்கள். அந்த விதிப்படி இந்த எழுத்து இரண்டு துண்டாகத்தான் நிற்க வேண்டும். படித்த காலத்தில் தேர்வுக்காகத் தில்ருபா அதை மனப்பாடம் செய்ததுண்டு, தேர்வோடு மறந்தும் போனாள். இப்போது ஏற்றி வைத்திருந்த பெயர்கள் அத்தனையையும் அந்த விதி வழியாக ஓடவிட்டாள். தேடலையும் அதே வழியாக ஓடவிட்டாள். மொய்னா வந்தாள். ஜொய்னால் போனிலும் வந்தான், கணினியிலும் வந்தான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஆளுக்கொரு பெயரை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் செய்ததுதான் அன்றைய நாளையே புரட்டிப் போட்டது. இதுவரை தேடி, இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போனவர்கள் அடித்த பெயர்கள் எல்லாம் அவர்களுடைய எண்களோடு தளத்தில் இருந்தன. அத்தனையையும் மறுபடி ஒரு முறை தேடும்படி கட்டளை கொடுத்தாள். விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பிஸ்மி சொல்லி அழுத்தினாள்.

திரையில் ஒரு வரி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு படிக்க முடியாத வேகத்தில் வரிகள் ஓட ஆரம்பித்தன. ஓடிக்கொண்டே இருந்தன. கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். ஓடி நின்றபோது நானூற்றுக்கு மேல் இருந்தது. நானூறு பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டிலில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத் தரையில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைத் தேடியவர்களிடம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

"எல்லாரும் போன எடுங்க" என்றாள் தில்ருபா. "ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கலாம். மொதல்ல சலாம் சொல்லுங்க, அப்புறம் உக்காரச் சொல்லுங்க. உக்காந்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டுப் பேரச் சொல்லுங்க."

கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. ஒரு முனையில் அழுகை, ஒரு முனையில் சிரிப்பு, எங்கோ ஒருவர் நம்பாமல் திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டு, அவரே மறுபடி அழைத்தார். பர்குனாவில் ஒரு கிழவர், மகள் ரோகெயா பிழைத்திருக்கிறாள் என்றதும் போனைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கத்திக்கொண்டு போய்விட்டார். அவர் கத்துவது போனில் சிறுத்துச் சிறுத்துக் கேட்டது. மாணவிகள் குரல் கட்டிப்போய்ப் பால் விடாத சிவப்புத் தேநீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார்கள்.

நயாச்சர் மட்டும் கிடைக்கவில்லை. வெயில் மேற்கே சரிய ஆரம்பித்தது. அஸர் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டது. சாயெரா ஜன்னல் ஓரத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். திடீரென்று, பள்ளிவாசல் முற்றம் முழுக்கச் சேறு, அங்கே ஜமாஅத் நிற்க முடியாது, தொழுகையைக் கடல் தடுப்புக் கரைமேல்தான் வைப்பார்கள் என்றாள். கரைமேல் என்றால் சிக்னல் விழும்.

ஆனால் தொழ நிற்கிற மாமனார் போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர், மைத்துனனும் அப்படியே. இமாம் அணைத்து வைத்துவிடுவார். தொழுகையில்கூடப் போனைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் ஊரில் ஒருவன்தான். சிராஜ். ஜொய்னாலுக்கும் அவனுக்கும் ஒரு வலை விஷயமாகச் சண்டை, பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாயெரா ஒரு கணம் தயங்கிவிட்டு அந்த எண்ணை அழைத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பதும், யாரோ அதட்டுவதும் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எடுத்தவன் கிசுகிசுத்தான்.

"யாரது? நாங்க தொழ நிக்கிறோம்."

"சிராஜ் பாய், நான் சாயெரா. தொழாதீங்க. நிறுத்தச் சொல்லுங்க. அவரு உசிரோட இருக்காரு."

மறுமுனையில் காற்றின் சத்தமும் கடலின் சத்தமும்தான் கேட்டன. பிறகு, யாரு, யாரு என்று பல குரல்கள். சிராஜ் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. இமாம் போனை வாங்கிப் பேசினார். அம்மா, உன் துக்கம் எனக்குப் புரிகிறது என்று அவர் மெதுவாகத் தொடங்கினார். துக்கத்தில் இருக்கிற பெண்கள் இப்படிச் சொல்வதுண்டு என்று அவருக்குத் தோன்றியதில் தவறில்லை.

தில்ருபா தன்மயின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். குல்னாத் தொண்டரை அழைத்து, ஜொய்னாலிடம் கொடுக்கச் சொன்னாள். அந்தப் போனைச் சாயெராவின் போனோடு வாயும் காதும் சேரும்படி ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். பேசுங்கள் ஜொய்னால் என்றாள்.

கரையில் இமாமின் கையில் ஒலிபெருக்கி இருந்தது. அவர் என்ன நினைத்தாரோ, போனை அதற்கு முன்னால் கொண்டுபோனார். நயாச்சரின் ஜனம் அத்தனையும் தோளோடு தோள் நின்றுகொண்டிருக்க, யாருக்காக நின்றார்களோ அவனுடைய குரல் அவர்கள் தலைக்கு மேல் முழங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜொய்னால் பேசறேன். வாப்பா, நான் நல்லா இருக்கேன். காயெஸ் மாஜியும் ராய்ஹானும் எங்கூடத்தான் இருக்காங்க."

அதன் பிறகு கேட்டதைத் தில்ருபாவால் எந்தச் சத்தத்தோடும் ஒப்பிட முடியவில்லை. இரண்டு போன்களையும் அவள் இன்னும் இறுக்கி ஒட்டிப் பிடித்தாள். கரையில் வரிசை கலைந்திருக்க வேண்டும். பெண்கள் வீடுகளிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். ஒரு கிழக்குரல் மகனே மகனே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. தக்பீர் முழக்கம் அலை அலையாக எழுந்தது. கூடத்தில் தன்மய் உட்பட ஒருவர் கண்ணும் காய்ந்திருக்கவில்லை.

சத்தம் சற்று அடங்கியபோது ஜொய்னால் ஹாத்தெமைப் பற்றிச் சொன்னான். கரை அமைதியானது. இமாம் மறுபடி வரிசையைச் சரி செய்யச் சொன்னார். ஒருவருக்காகத் தொழுகை நடந்தது. போன் அணைக்கப்படாமலே இருந்ததால், பரிசாலில் கூடத்தில் இருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். தன்மய் தலை குனிந்து நின்றான்.

தொழுகை முடிந்த பிறகு ஜொய்னாலுக்குப் பேச்சு வந்துவிட்டது. எனக்குத் தொழ யார் யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டான். சிராஜ் வந்தானா?

"மொத வரிசையிலதான் நிக்கிறேன்" என்றான் சிராஜ். "நீ இல்லன்னு நெனச்சு நல்லவிதமா நாலு வார்த்த வேற பேசிட்டேன். இப்ப அதத் திரும்ப வாங்கிக்க முடியுமான்னு இமாம் ஹுஸூரக் கேக்கணும்."

கரையும் சிரித்தது, கூடமும் சிரித்தது.

சாயெரா அன்று மாலையே குல்னாவுக்குக் கிளம்பினாள். தில்ருபா பஸ் நிலையம் வரை கூட வந்து, கனமாக ஒரு பொட்டலம் பொரி உருண்டையும் வாழைப்பழமும் வாங்கி அவள் மடியில் வைத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். சாயெரா அதைச் சொல்ல விடவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாதிரி இன்னும் யாராவது சண்டைக்கு வருவாங்க ஆபா. உள்ள விடுங்க."

பஸ் நகர்ந்தது. தில்ருபா ரிக்‌ஷா பிடித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். கடலோர மாவட்டங்களில் இதுபோலத் தளம் வைத்திருந்த மற்றவர்களுக்கெல்லாம், என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று வழியிலேயே எழுதி அனுப்பிவிட்டாள். கூடத்துக்குள் நுழைந்தபோது தன்மய் மேசைமேல் ஏறி நின்று, பட்டுவாகாலியில் அக்காளும் தம்பியும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தான். மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த எண்ணை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். பரிசால் காலேஜ்லேர்ந்து பேசறேன். நீங்க ஆயெஷாவத் தேடிக்கிட்டிருந்தீங்கள்ல? கொஞ்சம் உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?"